காற்றை மறித்த நரிக்குட்டி

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. ஏரி என்றால் அதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டுமே? இந்த ஏரிக்கு ஒரு பெயர் போதவில்லை. வருடத்துக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டது.

அது எப்படி என்கிறீர்களா, குழந்தைகளே? ஆனி மாதம் மேல்காற்று கிளம்பியதும் அங்கே குட்டிகளுக்குப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். முதல் தடவையாகப் பாய் பிடிக்கிற குட்டிகள் மட்டும்தான் சேரலாம். பாக்குமட்டைதான் படகு, தேக்கிலைதான் பாய். யார் முதலில் வருகிறார்களோ, அடுத்த ஒரு வருடத்துக்கு அவர்கள் பெயர்தான் ஏரிக்கும். போன வருடம் ஆமைக்குட்டி ஜெயித்தது. அதனால் யானையே தண்ணீர் குடிக்க வந்தாலும், "ஆமை ஏரிக்கு வணக்கம்" என்று சொல்லிவிட்டுத்தான் தும்பிக்கையை நீட்ட வேண்டும். சொல்கிறார்களா இல்லையா என்று கவனிக்கக் கரையில் தவளைகள் உட்கார்ந்திருக்கும்.

இந்த வருடம் ஐந்து குட்டிகள் வந்தன. முயல்குட்டிக்கு எதற்கெடுத்தாலும் பதற்றம். பன்றிக்குட்டிக்கு எப்போது பார்த்தாலும் பசி. தேவாங்குக்குட்டிக்குப் பகல் முழுவதும் தூக்கம். கீரிக்குட்டி மட்டும் படு சுறுசுறுப்பு. கோடை முழுக்கக் குட்டையில் இலைகளை மிதக்கவிட்டுப் பழகியிருந்தது. ஏரிக்குத் தன் பெயர் வர வேண்டும் என்று அதற்குக் கொள்ளை ஆசை. தூக்கத்தில்கூட "கீரி ஏரி, கீரி ஏரி" என்று உளறும்.

ஐந்தாவது நரிக்குட்டி. அதற்கும் அதே ஆசைதான். பழகுவதற்குத்தான் சோம்பல்.

போட்டியை நடத்துவது நீர்நாய் அத்தை. அது எல்லோரையும் வரிசையாக நிறுத்தியது.

"தெற்கே தண்ணீரில் ஒரு மொட்டை மரம் நிற்கிறது பாருங்கள். அதைச் சுற்றிக்கொண்டு இங்கேயே திரும்பி வர வேண்டும். யாரும் யார் படகையும் தொடக் கூடாது. தெரியாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். இது சிநேகப் போட்டி. விளங்கியதா?"

"தொடக் கூடாது. அவ்வளவுதானே, அத்தை?" என்று கேட்டது நரிக்குட்டி.

"அவ்வளவுதான்."

நரிக்குட்டி தனக்குள் சிரித்துக்கொண்டது. அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

தேவாங்கு கொட்டாவி விட்டபடி கீரியிடம் கேட்டது. "அக்கா, இந்தக் கயிற்றை என்ன செய்வது?"

"இப்படிப் பிடித்துக்கொள். என்ன ஆனாலும் விட்டுவிடாதே."

தேவாங்கு பிடித்துக்கொண்டது. தூங்கும்போதுகூடக் கிளையை விடாத கை அது.

நீர்நாய் விசில் அடித்தது. காற்று மேற்கேயிருந்து வந்து பாய்களில் விழுந்தது. படகுகள் கிளம்பின. முயல்குட்டிதான் முன்னால் போயிற்று. நரிக்குட்டி மெதுவாக அதன் மேற்குப் பக்கம் போய், தன் பாயை அகலமாக விரித்துக்கொண்டு நின்றது. வந்த காற்றெல்லாம் நரியின் பாயோடு நின்றுவிட்டது. முயலின் பாய் தொங்கிப்போயிற்று.

"ஐயோ! என் பாய்க்கு என்ன ஆயிற்று?" என்று முயல் அலறியது.

"அதுவா? படகு முழுகப் போகிறது என்றால் முதலில் பாய்தான் தொங்கும்" என்றது நரி, ரொம்பக் கரிசனமாக.

முயல் அதற்கு மேல் கேட்கவில்லை. தண்ணீரில் குதித்துக் கரைக்கு நீந்திவிட்டது.

அடுத்தது பன்றிக்குட்டி. நரி அதற்கும் காற்றை மறித்தது.

"காற்றைக் காணோமே?" என்றது பன்றி.

"சாப்பிடப் போயிருக்கும்."

சாப்பாடு என்று காதில் விழுந்ததுதான் தாமதம், பன்றிக்குட்டிக்கு வயிறு கூப்பிட்டது. எதிரே பச்சைப்பசேல் என்று ஒரு தேக்கிலை. பாதியைத் தின்ற பிறகுதான் அது தன் பாய் என்பது நினைவுக்கு வந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அதையும் தின்றுவிட்டது.

நரிக்குட்டி தேவாங்கைத் திரும்பிப் பார்த்தது. அது கயிற்றைப் பிடித்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. "இதற்கெல்லாம் காற்றை மறிப்பது வெட்டி வேலை" என்று விட்டுவிட்டது.

இனி கீரி ஒன்றுதான் பாக்கி. அது அதற்குள் மொட்டை மரத்தைச் சுற்றிவிட்டது. நரியும் அவசரமாகச் சுற்றிக்கொண்டு வந்து, அதன் மேற்குப் பக்கம் பாயை விரித்தது. கீரியின் படகு அப்படியே நின்றுபோயிற்று.

"அத்தை! இது நியாயமா?" என்று கீரி கத்தியது.

கூடவே நீந்தி வந்த நீர்நாய் தலையைத் தூக்கியது. "உன் படகைத் தொட்டானா?"

"தொடவில்லை."

"அப்படியென்றால் நான் என்ன செய்யட்டும்? அடுத்த வருடம் வேண்டுமானால் சட்டத்தைத் திருத்துகிறேன்" என்று சொல்லிவிட்டு நீர்நாய் முழுகிவிட்டது.

இந்த இடத்தில் நரிக்குட்டி நேரே வடக்கே போயிருந்தால் ஜெயித்திருக்கும். முன்னால் யாருமே இல்லை. ஆனால் அது போகவில்லை. 'நான் நகர்ந்தால் இவளுக்குக் காற்று வந்துவிடுமே! இவள் என்னைத் தாண்டிவிட்டால்?' என்று நினைத்து, தானும் நின்றுகொண்டது.

கீரிக்கோ, இதற்காகவா கோடை முழுக்க வெயிலில் காய்ந்தோம் என்று அழுகை அழுகையாக வந்தது. இருந்த கொஞ்சம் காற்றில் படகை இடப்பக்கம் திருப்பியது. நரியும் இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் திருப்பியது. நரியும் வலப்பக்கம். ஒரு முழு வட்டம் அடித்துப் பார்த்தது. நரியும் ஒரு முழு வட்டம் அடித்தது.

கீரியின் அழுகை நின்றுவிட்டது. 'ஓகோ, இவன் எனக்குப் பின்னால் எங்கே வேண்டுமானாலும் வருவான் போலிருக்கிறதே!' என்று நினைத்துக்கொண்டது.

"நரி, நான் போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன். கிழக்குக் கரையில் நாவல்பழம் உதிர்ந்து கிடக்கிறது. தின்னப் போகிறேன்" என்றது.

"யார் காதில் பூச்சுற்றுகிறாய்? அந்தப் பக்கம் ஏதோ குறுக்கு வழி இருக்கிறது!"

"சத்தியமாகப் பழம்தான்."

"சத்தியம் வேறு செய்கிறாயா? அப்படியானால் கட்டாயம் குறுக்கு வழிதான்!"

கீரி கிழக்கே திரும்பியது. நரி அதன் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. இரண்டு படகும் ஆடி அசைந்து கிழக்குக் கரையில் போய் ஒதுங்கின. கீரி தன் படகைக் கட்டிவிட்டு இறங்கியது. மரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொரு பழமாகப் பொறுக்கி, மண்ணை ஊதித் தின்னத் தொடங்கியது.

நரிக்குட்டி இறங்கவில்லை. ஆளில்லாத கீரியின் படகுக்கு மேற்கே தன் பாயை நன்றாக விரித்துக் காவல் நின்றது.

"நீ எப்போது ஏறினாலும் சரி, உனக்குக் காற்று கிடைக்காது!" என்று கூவியது.

"தெரியும். ஒரு பழம் வேண்டுமா?"

"லஞ்சமா? என்னிடம் நடக்காது!"

வெயில் ஏறியது. நரிக்குட்டிக்குக் கை வலித்தது, கால் மரத்துப்போயிற்று. காலிப் படகு மட்டும் எங்கேயும் போய்விடாமல் பத்திரமாக இருந்தது.

அப்போது வடக்குக் கரையில் விசில் சத்தம் கேட்டது. தவளைகள் ஓவென்று கத்தின.

"ஜெயித்தது நீ இல்லை!" என்று நரி துள்ளியது. "கீரி ஏரி இல்லை! கீரி ஏரி இல்லை!"

"இல்லைதான்" என்றது கீரி. வாயில் இருந்த பழம் அதற்குக் கொஞ்சம் கசந்தது. "ஆனால் நரி ஏரியும் இல்லையே?"

நரியின் துள்ளல் நின்றது. "பின்னே யார் ஜெயித்தது?"

இரண்டும் எட்டிப் பார்த்தன. கரையில் தேவாங்கின் படகு நின்றது. மொட்டை மரத்தைச் சுற்றுவதற்காக ஒரே ஒரு தடவை அரைக்கண் திறந்ததாம் அது. மற்றதையெல்லாம் காற்றும் கயிறும் பார்த்துக்கொண்டன. இப்போது நீர்நாய் அத்தை அதன் விரல்களை ஒவ்வொன்றாகக் கயிற்றிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தது.

"இரண்டாவதாகவாவது வந்துவிடுகிறேன்!" என்று நரி படகைத் திருப்பியது. எங்கே போக? மேற்கேயிருந்து வந்த காற்று முகத்தில் அடித்தது. எதிர்க்காற்றில் படகு விட அதற்குத் தெரியாது, பழகியிருந்தால்தானே! மூன்று தடவை கிளம்பியது. மூன்று தடவையும் காற்று அதைக் கொண்டுவந்து கரையிலேயே விட்டது.

கடைசியில் படகைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் நரிக்குட்டிக்குத் தாகம் எடுத்தது. அந்தப் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. புல்லில் இருந்த பனியை நக்கிச் சமாளித்தது. இரண்டாம் நாளும் அப்படியே ஓட்டியது. மூன்றாம் நாள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தள்ளாடிக்கொண்டு ஏரிக்கு வந்து, பல்லுக்குள்ளேயே முணுமுணுத்தது.

"தே... ஏரிக்கு வணக்கம்."

"காதில் விழவில்லை!" என்றன தவளைகள்.

"தேவா... ஏரிக்கு..."

"முழுசாக! சத்தமாக!"

நரிக்குட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டது. காடு முழுக்கக் கேட்கும்படி கத்தியது.

"தேவாங்கு ஏரிக்கு வணக்கம்!"

தலைக்கு மேலே ஒரு கிளையில் தூங்கிக்கொண்டிருந்த தேவாங்கு அரைக்கண் திறந்தது.

"வணக்கம், வணக்கம். குடி" என்றது.

நீதி: அடுத்தவரை ஜெயிக்க விடக் கூடாது என்பதிலேயே கண்ணாக இருப்பவர், தாம் ஜெயிக்க மறந்துவிடுவார்.