முழங்கால் கிழிசல்

முழங்காலில் ஓட்டை வைத்த ஜீன்ஸைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிப் போடுவது இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்த கூத்து என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. பூவனூரை மழவராயர் ஆண்ட காலத்திலேயே அந்தக் கூத்து நடந்து முடிந்துவிட்டது.

அந்த ஊரில் மணவாளக் கூத்தன் என்றொரு நடிகன். அவன் மீசையை முறுக்கினால் ஊரே முறுக்கும். மீசை முளைக்காதவன் கரியால் வரைந்துகொண்டு முறுக்குவான். ஒரு நாள் மேடைக்கு ஓடி வரும் வழியில் முள் மாட்டி, அவன் வேட்டி முழங்காலில் கிழிந்துவிட்டது. மாற்று வேட்டி இல்லை. அப்படியே ஏறி ஆடினான். மறுநாள் ராஜவீதியில் எல்லார் முழங்காலும் வெளியே தெரிந்தது. தையற்காரர்கள் ஊசியை மூட்டை கட்டிவிட்டுக் கத்திரியோடு உட்கார்ந்தார்கள்.

அரசருக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. பிடிக்க வைத்தவர் அலங்கார அதிகாரி சிங்காரநம்பி. சித்திரக்கூடத்தில் இருந்த ஓவியங்களை இறக்கிவிட்டு, சமையற்கட்டுக் கரித்துணி ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டி, அதன் கிழிசலில் ஓர் ஏக்கம் தெரிவதாகச் சொன்னவர் அவர்தான். அரசர் நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு தலையாட்டி வைத்தார். ஏக்கம் இருந்ததென்னவோ துணியைப் பறிகொடுத்த சமையற்காரருக்குத்தான்.

நம்பிக்கு ஆகாத ஒரே ஆள் சேந்தன். அவையைச் சிரிக்க வைப்பது சேந்தனின் வேலை. அந்தக் கேலியில் நம்பியின் தலைப்பாகை அடிக்கடி அகப்படும். சேந்தனிடம் இருப்பது ஒரே ஒரு நல்ல வேட்டி என்பது நம்பிக்குத் தெரியும். ஆகவே அரசர் காதில் ஓதி ஓர் ஆணை போட வைத்தார். பௌர்ணமியன்று அவைக்கு எல்லோரும் கிழிந்த ஆடையில்தான் வர வேண்டும். யார் கிழிசல் பெரிதோ அவருக்குப் பொற்கிழி. கிழியாத ஆடையோடு வந்தால் அன்றோடு அவையில் இடமில்லை.

சேந்தன் வீட்டில் போய்ச் சொன்னான். மனைவி நாச்சி அந்த வேட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நம்ம கல்யாணத்துக்கு எங்கப்பா தன் கடையில தன் கையால கிழிச்சுக் குடுத்த வேட்டி இது. இதுல கத்திரி பட்டுச்சுன்னா நீங்க அரண்மனையிலயே படுத்துக்குங்க."

கிழித்தால் வீடு இல்லை, கிழிக்காவிட்டால் வேலை இல்லை. சேந்தனுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. பிறகு அவள் சொன்னதை இன்னொரு முறை நினைத்துப் பார்த்தான். பயம் போய், சிரிப்பு வந்தது.

பௌர்ணமியன்று அவையைப் பார்க்க வேண்டுமே. அரசரின் பட்டில் முழங்கால் எட்டிப் பார்த்தது. தளபதிக்கு முதுகு முழுக்கக் காற்று. நம்பியின் அங்கியில் துணியைவிட ஓட்டை அதிகம். நடுவில், மடிப்புக் கலையாத வேட்டியில் வந்து நின்றான் சேந்தன்.

நம்பி காத்திருந்ததே அதற்குத்தான். "ஊரே கிழித்திருக்கிறது. நீ என்னத்தைக் கிழித்தாய்?" என்று கேட்டார்.

"இங்கே இருப்பதிலேயே பெரிய கிழிசல் என்னுடையதுதான், ஐயா" என்றான் சேந்தன்.

அரசர் குனிந்து தேடினார். "எங்கே? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே."

சேந்தன் வேட்டியின் தலைப்பைத் தூக்கிக் காட்டினான். ஓரத்தில் நூல் பிரிந்து நின்றது. "என் மாமனார் துணிக்கடைக்காரர், அரசே. நீளத் துணியிலிருந்து இதைக் கிழித்துக் கொடுத்தார். இவர்கள் கிழிசலெல்லாம் ஒரு சாணோடு நின்றுவிட்டது. என்னுடையது இந்தக் கரையில் தொடங்கி அந்தக் கரை வரை போயிருக்கிறது. அரைகுறையாகக் கிழித்தால் கந்தல். முழுசாகக் கிழித்தால் வேட்டி."

அரசர் தன் முழங்காலைப் பார்த்தார். நம்பியின் அங்கியைப் பார்த்தார். அடக்க முடியாமல் சிரித்ததில் பட்டு இன்னும் கொஞ்சம் கிழிந்தது. ஒரு தையற்காரரை ஊசியோடு வரச் சொன்னார். பிறகு நம்பி கையாலேயே பொற்கிழியைக் கொடுக்க வைத்தார்.

வாங்கிய சேந்தன் அதைக் கவிழ்த்துப் பிடித்து, அடியெல்லாம் விரலால் தடவிப் பார்த்தான்.

"என்ன தேடுகிறாய்?" என்றார் அரசர்.

"ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறேன், அரசே. நம்பி ஐயா கைபட்டு வந்த துணியாயிற்றே."