முதல் கவளம்

செம்மதில்புரத்து மந்திரி மாவலிராயருக்குச் சட்டம் எழுதுவதென்றால் கொள்ளை ஆசை. அதற்கு அடுத்தவர்கள் அடங்கி நடப்பதைப் பார்க்க இன்னும் ஆசை. ஒரு தெரு முழுக்க அவருடைய வாடகை வீடுகள்தான். கதவெல்லாம் பளபளவென்று சிவப்புப் பூச்சு. பூச்சில் காரீயம். உரிந்து விழும் சில்லு தித்திக்கிறதென்று குழந்தைகள் தின்றன. ஒரு குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டது. "காரீய நஞ்சு" என்றார் வைத்தியர்.

ராயர் அன்றே சட்டம் போட்டார்: 'எந்த வீட்டில் குழந்தை நோயில் விழுகிறதோ, அந்த வீட்டுப் பூச்சை மட்டும் சோதித்துச் சுரண்ட வேண்டும்.'

"முன்கூட்டியே சோதிப்பது வீண் செலவு, மகாராஜா" என்றார். அரசர் வழுதியும் தலையாட்டிவிட்டார்.

அரண்மனைக்குப் பூக்கட்டும் நங்கை அந்தக் குழந்தையின் அடுத்த வீட்டுக்காரி. அவைப்புலவர் வெண்காடரிடம் ஓடிவந்தாள். "ஐயா, என் மக இப்பத்தான் கதவைப் பிடிச்சு நிக்கப் பழகுறா. அவ விழற வரைக்கும் நான் காத்திருக்கணுமா?"

ஊரையே சிரிக்கவைக்கும் வெண்காடருக்கு அன்று சிரிப்பு வரவில்லை. நேரே அரண்மனைச் சமையலறைக்குப் போனார்.

மறுநாள் மதியம் ராயரும் வெண்காடரும் உடனிருக்க, அரசர் உண்ண அமர்ந்தார். முதல் கவளம் தின்று சோதிக்க வேண்டிய காரி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஏனடா சும்மா நிற்கிறாய்?"

"மகாராஜா முதல்ல சாப்பிடணுமாம். உங்களுக்கு ஏதாச்சும் ஆனா, உடனே சோதிக்கச் சொல்லி வெண்காடர் உத்தரவு."

அரசர் இலையைத் தள்ளினார். "வெண்காடரே! நான் விழுந்தபிறகு சோதித்து என்ன பயன்?"

"நங்கையும் இதையேதான் கேட்டாள், மகாராஜா. முன்கூட்டியே சோதிப்பது வீண் செலவு என்று ராயர்தான் சொன்னார்."

அரசரின் முகம் சுருங்கியது. செய்த தவறு உறைத்தது. ராயர் பக்கம் திரும்பினார்.

"ராயரே, இன்றே பேரனோடு அந்தத் தெருவில் குடியேறும். அந்த வீட்டுக்காரர்கள் உம் மாளிகையில் இருக்கட்டும்."

ராயர் பதறினார். "ஐயோ, என் பேரன் சின்னக் குழந்தை! முதலில் எல்லா வீட்டையும் சுரண்டிவிடுகிறேன், மகாராஜா. பிறகு குடியேறுகிறேன்!"

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி வெண்காடரின் கழுத்தில் போட்டார்.

வெண்காடர் எழுத்தரைக் கூப்பிட்டார். "மந்திரியார் இப்போது சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளும். இதுதான் சட்டம். பேரன் என்ற இடத்தில் மட்டும் நங்கையின் மகள் என்று போடும்."