டாக்டருக்கு மேல் ஒரு படி

சரிதான்பட்டிக்காரர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு பாடம் தெரியும். புதிதாக வந்த இங்கிலீஷ் வாத்தியார், “டால், டாலர், டாலஸ்ட்” என்று நடத்திவிட்டு, “சந்தேகம் இருந்தால் கேளுங்கள்” என்றார். பிள்ளைகள் கேட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்ற பெரியவர்களும் கேட்டார்கள். வாத்தியார் மத்தியான பஸ்ஸிலேயே ஊரைவிட்டுப் போய்விட்டார். குடையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மிச்சப் பாடத்தை டெய்லர் லிங்கதுரை நடத்தினான். ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றவன் அவன்தான்.

“இது நம்ம தமிழ்தான்யா. அவன்னா சின்ன ஆளு, அவர்னா பெரிய ஆளு. அதே மாதிரி டால்னா உயரமானவன், டாலர்னா உயரமானவர். அதுக்கும் மேல மரியாதை வேணும்னா ‘ஸ்ட்’ போடணும்.”

“சரிதான்” என்றது ஊர்.

இதெல்லாம் மாரிக்கனிக்கும் தெரியும். ஆனால் அவளுக்குக் கவலைப்பட வேறு விஷயங்கள் இருந்தன. அவளுடைய மூன்று வயது மகன் ராசு தூங்கினால், மூச்சு வருகிறதா என்று மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பாள். விரல் பட்டு அவன் விழித்துவிட்டால், ஏன் விழித்தான் என்று பயப்படுவாள்.

அப்படிப்பட்டவள் கண் முன்னாலேயே ஒரு நாள் ராசு ஒரு கொண்டைக்கடலையை எடுத்துத் தன் மூக்குக்குள் தள்ளிவிட்டான். தள்ளிவிட்டுச் சிரித்தான். அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டது.

பஞ்சாயத்து பிரெசிடெண்ட் தங்கப்பழம் ஓடி வந்தார். லிங்கதுரை கழுத்தில் டேப்போடு வந்தான்.

“மூக்குக்குள்ள ஈரம் இருக்கும் தலைவரே. இப்ப கடலை பிக். ஊறினா பிக்கர். அப்புறம்…”

“சொல்லாதீங்கண்ணே!” மாரிக்கனி காதைப் பொத்திக்கொண்டாள். “டாக்டர்கிட்ட போவோம், வாங்க!”

லிங்கதுரை அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். “டாக்டரா? டாக்டர்ங்கிறது ரெண்டாவது படி தங்கச்சி. கடலை மூணாவது படிக்குப் போயிக்கிட்டு இருக்கு. அதுக்கு டாக்டஸ்ட் வேணும்.”

மாரிக்கனி ஒரு நிமிஷம்தான் யோசித்தாள். இருப்பது ஒரே பிள்ளை. அவனை ரெண்டாவது படியில் காட்டிவிட்டு அவள் நிம்மதியாகத் தூங்க முடியுமா?

“டாக்டஸ்ட்டே பார்ப்போம்” என்றாள்.

டவுன் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்த பெண், குழந்தையைப் பார்த்ததும், “டாக்டர் சும்மாத்தான் இருக்காரு, உள்ள போங்க” என்றாள்.

“அதெல்லாம் வேண்டாம்மா. டாக்டருக்கு மேல என்ன இருக்கு?” என்றார் தங்கப்பழம்.

“மேலயா? மொட்டை மாடிதான் இருக்கு.”

படியேறினார்கள். மாடியில் ஓர் அம்மாள் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தங்கப்பழம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். மாரிக்கனி காலில் விழுந்தாள். அந்த அம்மாள் பயந்துபோய், “ஈரத்துணியை மிதிக்காதீங்க” என்றாள்.

“மூக்கு ஈரத்தைத்தான் சொல்றாங்க. சொல்லாமலே கண்டுபிடிச்சிட்டாங்க!” என்றான் லிங்கதுரை. ஆனால் அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கீழே இறங்கும்போதுதான் எதிர் அறை வாசலில் ஒரு பலகை கண்ணில் பட்டது. லிங்கதுரை எழுத்துக்கூட்டிப் படித்தான். படித்ததும் செருப்பைக் கழற்றினான்.

“டெண்டிஸ்ட்!”

“அப்படின்னா?”

“டெண்ட்னா கொட்டகை. அதுக்கு மேல டெண்டர்.”

தங்கப்பழத்துக்கு உடம்பு சிலிர்த்தது. டெண்டர் எவ்வளவு பெரியது என்று பிரெசிடெண்டுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ரோடு, பாலம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். “டெண்டருக்கும் மேலயா?” என்றார் மெதுவாக.

மாரிக்கனி அதற்குள் பிள்ளையோடு உள்ளே ஓடியிருந்தாள்.

உள்ளே ஒரு சின்ன வயதுப் பெண் வெள்ளைக் கோட்டோடு நின்றாள். “யாருக்கு வலி?”

“யாருக்கும் வலி இல்லீங்க. எனக்குப் பயம் மட்டுந்தான்” என்றாள் மாரிக்கனி.

அந்தப் பெண் விளக்கைப் போட்டாள். “சரி, வாயைத் திறங்க. ஆ…”

யாருடைய வாய் என்று அவள் சொல்லவில்லை. மாரிக்கனி திறந்தாள். லிங்கதுரை திறந்தான். தங்கப்பழம் பதவிக்குத் தக்கபடி எல்லோரையும்விட அகலமாகத் திறந்தார்.

ராசு மூன்று வாய்களையும் பார்த்தான். சிரிப்பு வந்தது. சிரித்த சிரிப்பில் மருந்து நெடி ஏறித் தும்மல் வந்தது. கடலை கிளம்பியதை எல்லோரும் பார்த்தார்கள். போய்ச் சேர்ந்த இடம் தங்கப்பழத்துக்கு மட்டும் தெரிந்தது. விழுங்கிவிட்டுத்தான் வாயை மூடினார்.

“கை வைக்கலை! ஊசி போடலை! வாயைத் திறக்கச் சொன்னாங்க, கடலை வந்திடுச்சு!” மாரிக்கனி அழுதுகொண்டே பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள். இரண்டு பக்கமும் காற்று வந்தது.

“நான் பல் டாக்டர்ங்க” என்றாள் அந்தப் பெண்.

“பெரியவங்க இப்படித்தான் தன்னைக் குறைச்சுப் பேசுவாங்க” என்றான் லிங்கதுரை.

ஆனால் திரும்பி வரும்போது தங்கப்பழம் வயிற்றைத் தடவியபடி முகம் வாடி இருந்தார். லிங்கதுரை கணக்குப் போட்டான். “யோசிச்சுப் பாருங்க தலைவரே. வாயைத் திறந்தது மூணு பேர். கடலை உங்களைத்தான் தேடி வந்துச்சு. இனிமே நீங்க வெறும் பிரெசிடெண்ட் இல்ல. பிரெசிடெண்டர்கூட இல்ல.”

மறுவாரம் ராசு ஒரு தரம் இருமினான். மாரிக்கனி அவனைத் தூக்கிக்கொண்டு தங்கப்பழத்தின் வீட்டுக்கு ஓடினாள். வாசலில் பலகை தொங்கியது: ‘பிரெசிடெண்டிஸ்ட்’. இடுப்பில் பிள்ளைகளோடு தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். நாற்காலியில் தங்கப்பழம் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார். யாரையும் விசாரிக்க அவரால் முடியவில்லை. அதைப் பக்கத்தில் நின்ற லிங்கதுரை பார்த்துக்கொண்டான்.

“அண்ணே, இவனுக்கு இருமல்தான். மூக்குல கடலை ஒண்ணும் இல்லையே, எப்படிப் பார்ப்பாரு?” என்றாள் மாரிக்கனி.

“பயப்படாதே தங்கச்சி” என்று சொல்லிவிட்டு லிங்கதுரை சட்டைப் பைக்குள் கையை விட்டான். “இல்லாதவங்களுக்கு இங்கேயே போட்டு விடுறோம்.”