தையல்காரர் பாதத்தில் ஒரு புண்

ஒரு மருத்துவமனையின் கட்டுப் போடும் அறையில், எவர்சில்வர் தட்டு ஒன்றில் நால்வர் குடியிருந்தார்கள்: வெள்ளிக் கட்டு, தேன் கட்டு, நுரைப்பஞ்சுக் கட்டு, இவற்றின் மேலே சுற்றும் காஸ் துணி.

ஒரு நாள் தையல்காரர் சவரிராயன் வந்தார். சர்க்கரை நோயாளி. வலது பாதத்தின் அடியில், கட்டைவிரல் பக்கம், ஆறு மாதமாக ஆறாத புண்.

“நடக்கவே கூடாது,” என்றார் டாக்டர். “மூணு வாரம் பார்ப்போம். சுருங்கலைன்னா விரலை எடுத்துடணும்.”

புண், பேட்டை ரவுடி மாதிரி தட்டைப் பார்த்து வாயைப் பிளந்தது. “வாங்கடா! ஒவ்வொருத்தரா வரீங்களா, மொத்தமா வரீங்களா?”

“நான் போறேன்,” என்றது வெள்ளி, இன்ஸ்பெக்டர் குரலில். “எத்தனை கிருமிடா உள்ளே? வரிசையா நில்லு!” ஒரே வாரத்தில் கிருமிகளில் பாதி காலி. நாற்றம் போனது. புண் மட்டும் அங்கேயே இருந்தது.

அடுத்து தேன் இறங்கியது. “ஏன் தங்கம் முறைக்கிறே? கொஞ்சம் வழிவிடு ராசா,” என்று கொஞ்சிக் கொஞ்சியே அழுகல் சதையைக் கரைத்துவிட்டது. அடியில் ரோஜா நிறம் எட்டிப் பார்த்தது. மறுநாளே அது கன்றிப்போனது.

மூன்றாம் வாரம் நுரைப்பஞ்சு. “இவ்வளவு நீர்... எனக்குத்... தாங்காதுப்பா,” என்று மூச்சு வாங்கியபடியே கசிவையெல்லாம் குடித்துத் தீர்த்தது.

புண் சிரித்தது. “எல்லாரும் கெட்டிக்காரங்கதான், ஒத்துக்கறேன். ஆனா எனக்குச் சோறு கீழேயிருந்து வருதே!”

மூவரும் எரிச்சலில் காஸ் துணி மேல் பாய்ந்தார்கள். “நீ என்னத்தைக் கிழிச்சே? வெளியே சும்மா சுத்திக்கிட்டுத்தானே இருக்கே!”

“எனக்கு மருந்து தெரியாதுண்ணே. என்மேல பட்டதை அப்படியே பிடிச்சு வச்சுக்குவேன். ஆனா கட்டு மாத்தற சிஸ்டர் பார்க்கறதுக்குள்ள தையல்காரர் என்னை அவுத்துப் போட்டுடறாரே!”

உண்மைதான். அழுக்குத் துணியோடு சிஸ்டர் முன்னால் போகக் கூடாதென்று, சவரிராயன் மேல்சுற்றை மட்டும் மாற்றி, சட்டைக் காலர் மாதிரி நேர்த்தியாகச் சுற்றிக்கொண்டுதான் வருவார்.

மூன்று வாரத் தவணையின் கடைசி நாள், கிறிஸ்துமஸ் துணி தைக்கும் அவசரம். மாற்ற நேரமில்லை. அப்படியே ஆட்டோ ஏறி வந்துவிட்டார். காஸ் துணி ஒரு சுருக்கம்கூட விழாமல் தன்னை விரித்துப் பிடித்தது.

சிஸ்டர் கனகவல்லி குனிந்தார். “அண்ணே, நடந்தீங்களா?”

“மாதா மேல சத்தியமா இல்லை சிஸ்டர். உக்காந்த இடத்தைவிட்டு எழுந்திரிக்கலை.”

“அப்ப இது என்ன, கறுப்பா கட்டம் கட்டமா? கிரீஸ் வாசனை வேற?”

“அது... தையல் மெஷின் பெடல். நடக்கத்தானே கூடாதுன்னாங்க? வலிக்கவே இல்லையே சிஸ்டர்!”

“வலியைச் சொல்ற நரம்பு உங்க காலுல செத்துப் பல நாளாச்சுண்ணே!”

சிஸ்டர் அந்தத் துணியையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி இன்னும் ஒரு மாதம் தவணை வாங்கினார். பிறகு சவரிராயனின் மனைவி லூர்துக்குப் போன் செய்தார்.

மறுநாளிலிருந்து லூர்து பெடல் மிதித்தார். ஸ்டூலில் கால் நீட்டி பட்டன் தைத்துக்கொண்டிருந்த சவரிராயனுக்குப் பொறுக்கவில்லை. “ஏய், தையல் கோணுது! எழுந்திரு, நான் மிதிக்கறேன்.”

“கோணினா பிரிச்சுத் தச்சுக்கலாம். விரலைப் பிரிச்சா தைக்க முடியுமா? காலைத் தூக்குய்யா மேலே!”

பட்டினி கிடந்த புண் சுருங்கிச் சுருங்கி மிளகளவு ஆனது. அதன் ரவுடிக் குரல் கீச்சுக் குரலானது. “யாருடா... என்னை மூடினது?”

வெள்ளி விறைப்பாக நின்று காஸ் துணிக்கு ஒரு சல்யூட் வைத்தது.

“எனக்கு எதுக்குண்ணே?” என்றது காஸ் துணி. “நான் காட்டிக்கொடுத்ததோட சரி. மிதிக்கறது அந்தக்கா.”