அறவாழியின் கறுப்புத் திரை

"என் திரையப் பாக்கும்போது மட்டும் ஏன் டீச்சர் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிய?"

கேட்டவர் அறவாழி. உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்கு முப்பது வருடம் சுவரொட்டி எழுதியவர்.

கேட்கப்பட்டவர் செலின் டீச்சர். அவரைவிட வெகுவாக இளையவர். தூத்துக்குடியில் ஒரு மாடியறையில், கைப்பேசிச் செயலிகளுக்குத் திரை வரையக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் அவருடைய கைப்பேசியை வாங்கினார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தார். அது அவர் வழக்கம். பாதி மூடிய கண்ணுக்கு எது தெரிகிறதோ அதுதான் திரையில் இருக்கிறது, மற்றதெல்லாம் இருப்பதாக நாம் நினைத்துக்கொள்வது என்பார்.

"நெறைய இருக்கு, எடுங்க அண்ணாச்சி," என்றார்.

"எத எடுக்க?"

டீச்சர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அடுத்த மேசையில் சந்தனமாரி இருந்தாள். அங்கே டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அறவாழி அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. டீச்சர் சொல்லும்வரை யாரும் வண்ணத்தைத் தொடக்கூடாது. கறுப்பு, வெள்ளை, வேண்டுமானால் நடுவே கொஞ்சம் சாம்பல்.

மற்றவர்களுக்கு அது ஒரு பயிற்சி. அறவாழிக்கு அது இழப்பு. தடியடியிலும் கீழே போடாத சிவப்பை அவர் அந்த மாடிப்படியில் இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தார். அவசரம் என்றால் சிவப்புதானே என்று முதல் நாளே வாதாடிப் பார்த்தார். கறுப்பிலேயே அவசரத்தைக் காட்டத் தெரிந்த பிறகு சிவப்பைக் கேளுங்கள், தருகிறேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

சரி, இறக்கி வைத்தாயிற்று. இந்த வயதில் ஒருவர் அப்படி இறக்கி வைத்தால் அதை யாராவது பார்க்க வேண்டும். பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

யாரும் சொல்லவில்லை.

சந்தனமாரி அவருக்குப் பிறகு வந்து சேர்ந்தவள். அதற்கு முன் மருந்துக்கடையில் நின்றாள். ஒரு கூட்டத்துக்கு வந்ததில்லை. ஒரு கோஷம் போட்டதில்லை. இறக்கி வைக்க அவளிடம் என்ன நிறம் இருந்தது? வெறுங்கையோடு வந்தவளுக்கு வெறுமை சுலபம். அவருக்கு அப்படித்தான் பட்டது.

எதிரே நிற்பவன் முதலாளி என்றால் அறவாழிக்கு வழி தெரியும். வாயிற்கூட்டம் போடலாம். துண்டறிக்கை அடிக்கலாம். பக்கத்து மேசையில் தலைகுனிந்து வேலை செய்யும் ஒருத்திக்கு எதிராக எந்த அச்சகத்தில் துண்டறிக்கை அடிப்பது?

பொறாமைக்குச் சங்கம் கிடையாது. அதில் ஒவ்வொருவனும் தனி ஆளாகத்தான் வேலைக்குப் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து.

அந்தச் சமயத்தில் சங்கம் ஒரு செயலி கேட்டது.

உப்பளத்தில் வெயில் தாங்காமல் ஆள் விழுவது புதிதல்ல. புதிதல்ல என்பதால்தான் அது எந்தச் செய்தித்தாளிலும் வருவதில்லை. அப்படி ஒருவர் விழுந்தால், பக்கத்தில் நிற்பவர் கைப்பேசியைத் தொட்ட உடனே சங்கத்து வண்டி புறப்பட வேண்டும். அதற்கு ஒரே திரை போதும்.

உங்களிடம் படிக்கிறவர்களில் இரண்டு பேர் தனித்தனியாக வரையட்டும், ஒன்றை எடுத்துக்கொள்கிறோம் என்றார் சங்கச் செயலாளர். டீச்சர் அறவாழியையும் சந்தனமாரியையும் சொன்னார்.

முப்பது வருடத்தில் சங்கத்தின் பெயரால் வெளியே போன எதுவும் அறவாழியின் கைபடாமல் போனதில்லை. கொடி, தட்டி, சுவர், இறந்துபோன தோழரின் படத்துக்குக் கீழே நாலு வரி, எல்லாம் அவர் கை. இந்தத் திரை அவளுடையது என்றாகிவிட்டால் அந்தக் கை நின்றுபோனது என்று பொருள். செயலாளர் அதை வாயால் சொல்லவில்லை. செயலாளர்கள் சொல்வதில்லை. அந்தப் பிள்ளை நன்றாக வரைகிறாளாமே என்று டீக்கடையில் விசாரித்தார், அவ்வளவுதான்.

அந்த டீயை அறவாழி பாதியில் வைத்துவிட்டு வந்தார்.

மாடியறையின் கடைசியில் ஒரு தண்ணீர்ப் பானை இருந்தது. பானைக்குப் போக வேண்டுமானால் சந்தனமாரியின் நாற்காலிக்குப் பின்னால்தான் போக வேண்டும். அந்த அறையில் அறவாழியைப் போலத் தண்ணீர் குடித்தவர் ஒருவரும் இல்லை.

அவள் தன் திரையிலிருந்து ஊர்ப் பெயரை எடுத்தாள். இவர் ஊர்ப் பெயரையும் எடுத்து, சங்கத்துச் சின்னத்தையும் எடுத்தார். சின்னத்தை அழிக்கும்போது விரல் கொஞ்சம் நின்றது. அவரே வரைந்த சின்னம். அவள் திரையில் சின்னமே இல்லாதது நினைவுக்கு வந்தது. அழித்துவிட்டார்.

அவள் ஒரு கோடு விட்டு வைத்தாள். இவர் தன் கோட்டை எடுத்தார்.

அவள் வெள்ளைத் தரையில் கறுப்பு வைத்தாள். இவர் கறுப்புத் தரையில் வெள்ளை வைத்தார்.

ஒவ்வொன்றை எடுத்த பிறகும் டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினார். டீச்சர் கண்ணைப் பாதி மூடிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், போனார்.

ஒருநாள் பானையடியில் நின்றவரைச் சந்தனமாரி திரும்பிப் பார்த்தாள்.

"சுகர் பாத்தியளா அண்ணாச்சி? இம்புட்டுத் தண்ணி குடிக்கிய."

மருந்துக்கடைப் பழக்கம். அக்கறையாகத்தான் கேட்டாள்.

அந்த அக்கறையையும் அவர் அவளுடைய குற்றக் கணக்கிலேயே எழுதிக்கொண்டார்.

கடைசியில் அவருடைய திரையில் ஒரு சிறிய வெள்ளை வட்டம் மிஞ்சியது. சுற்றிலும் கறுப்பு. ஓர் எழுத்துகூட இல்லை. இதைவிடக் குறைக்க இனி ஒருத்தியாலும் முடியாது. வேலைநிறுத்தம் முழு வெற்றி என்று ஒலிபெருக்கியில் கேட்ட நாளைப் போல அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

திரையை அனுப்ப வேண்டிய காலை வந்தது. டீச்சர் இரண்டு கைப்பேசிகளையும் நடு மேசையில் வைத்தார். மற்ற மாணவர்கள் சுற்றி நின்றார்கள்.

முதலில் சந்தனமாரியுடையது. டீச்சர் திரையில் இருந்த ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, இது எதற்கு, இது எதற்கு என்று கேட்டார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கீழ்ப்பாதி முழுக்க ஒரே கறுப்புப் பொத்தான், ஏனென்றால் பதறும் கை எங்கே பட்டாலும் பட வேண்டும். நடுவே ஒரு கோடு, ஏனென்றால் கோட்டுக்குக் கீழே கூப்பிடுவது, மேலே பதில் வருவது. வண்டி வருகிறது என்று பெரிதாகத் தெரிந்தால் கூப்பிட்டவர்கள் மறுபடி மறுபடி அமுக்க மாட்டார்கள். சாம்பல் வைத்துப் பார்த்தாளாம். உப்புப் பாத்திக் கரையில் போய் நின்றபோது வெயில் அதைத் தின்றுவிட்டதாம். எடுத்துவிட்டாளாம்.

அறவாழி அதைக் காதில் வாங்கவில்லை. அவள் திரையில் இன்னும் இத்தனை மிச்சம் இருக்கிறதே என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு அவருடையது. டீச்சர் கண்ணைப் பாதி மூடினார். வெகுநேரம் அப்படியே இருந்தார். இந்த அறையில் முதல்முறையாகத் தன் திரைக்குக் கிடைத்த அந்த நேரத்தை அறவாழி ஒரு சொட்டு விடாமல் அனுபவித்தார்.

"அழகா இருக்கு அண்ணாச்சி."

அந்தச் சொல்லுக்காகத்தான் அவர் இவ்வளவு நாள் படியேறியது. திரும்பிச் சந்தனமாரியைப் பார்த்தார். அவளும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க ஒரு கோடு இருந்துச்சே," என்றார் டீச்சர். "எதுக்கு எடுத்திய?"

அறவாழி போலீஸ் விசாரணையிலேயே பொய் சொல்லாதவர். அதில் அவருக்குப் பெருமை உண்டு. இப்போதும் நிமிர்ந்துதான் சொன்னார்.

"அவ கோடு வச்சிருக்கா. நான் எடுத்துட்டேன்."

"எழுத்து?"

"அவ ரெண்டு சொல் வச்சிருந்தா. நான் ஒண்ணுகூட வைக்கல."

"வட்டம் ஏன் மேல இருக்கு?"

"அவ பொத்தான் கீழ இருக்கே."

யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக்கினார்கள். அப்போதுதான் அறவாழியின் பதில்கள் அறவாழியின் காதில் விழுந்தன.

"இந்தக் கறுப்பு?"

அவர் சந்தனமாரியின் வெள்ளைத் திரையைப் பார்த்தார்.

"நீங்க உப்பளத்துல நின்ன ஆளு. நான் நின்னதில்ல, அதனால கேக்கேன். உச்சி வெயில், சுத்தி உப்பு வெள்ளையாக் கெடக்கு. அங்க வச்சுக் கறுப்புத் திரையப் பாத்தா என்ன தெரியும்?"

அறவாழிக்குத் தெரியும். கைப்பேசி வந்த காலத்திலிருந்து தெரியும். அந்த வெயிலில் கறுப்புத் திரை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. வட்டமும் தெரியாது, ஒன்றும் தெரியாது.

"நம்ம மூஞ்சி தெரியும்," என்றார்.

"கீழ ஆள் விழுந்து கெடக்கும்போதா?"

அவர் தலை குனிந்தார்.

"வரையும்போது இது தெரியாதா அண்ணாச்சி?"

"தெரியும்."

டீச்சர் இரண்டு கைப்பேசிகளையும் எடுத்தார். அறவாழியைத் தாண்டிப் போய், சந்தனமாரியின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முகத்தில் கேலி இல்லை.

"நீ வரஞ்சது ரெண்டும் இங்க இருக்கு," என்றார் அவளிடம். "எத அனுப்பட்டும்?"