மொறுமொறு ஓரம் யாருக்கு?

ஒரு ஊரில் ஒரு செண்பகவல்லி இருந்தாள். எந்த ஊர்? ரயில் கூவும் போத்தனூர். அடுத்த வீட்டில் க்ளெண்டா ஆன்ட்டி. செண்பகவல்லி சிறுமியாக இருந்தபோது, அம்மா மில்லிலிருந்து திரும்பும்வரை அவளுக்குப் பசியாற்றியவர் ஆன்ட்டிதான். ஓவனில் சுட்ட மக்ரோனி! மேலே சீஸ் உருகிப் பொன்னிறமாக இருக்கும். மொறுமொறு ஓரத்தைச் சுரண்டி அவள் தட்டில்தான் வைப்பார். கேட்கிறாயா? ம் சொல்லு.

அப்புறம் ஆன்ட்டிக்கு வயதாயிற்று. காய்ச்சல் வந்து போனது. வாய்க்கசப்பு மட்டும் போகவில்லை. கஞ்சி வேண்டாம், இட்லி வேண்டாம். வெறும் வயிற்றில் மாத்திரையை எப்படிப் போடுவது? ஆன்ட்டி துரும்பாக இளைத்துப்போனார்.

"என்னதான் வேணும் ஆன்ட்டி?"

"மக்ரோனி, சைல்ட். என் ஓவன்தான் துருப்பிடிச்சுப் போச்சே."

"குக்கர்ல சுடலாமா?"

"சுடலாமே. அடியில உப்பைப் பரப்பி, அதுமேல பாத்திரத்தை வை. தண்ணி ஊத்தாதே. மூடியில கேஸ்கெட், வெயிட் ரெண்டும் வேணாம்."

அப்புறம் செண்பகவல்லி மக்ரோனியை வேகவைத்தாள். வெண்ணெயில் மைதாவை வறுத்து, பால் ஊற்றி, சீஸைத் துருவிக் கலந்தாள். உப்பைப் பரப்பிய கை, பழக்கத்தில் குக்கரில் ஒரு சொம்புத் தண்ணீரையும் ஊற்றிவிட்டது! கொதகொத, சொதசொத. கூழ்தான் கிடைத்தது.

அப்புறம் இரண்டாம் தடவை. தண்ணீர் ஊற்றவில்லை. மூன்று விசில் வரட்டும் என்று காத்திருந்தாள். வெயிட் போடாத குக்கர் எப்படி விசில் அடிக்கும், நீயே சொல்லு! குபுகுபுவென்று வந்தது புகைதான்.

மிச்சம் ஒரு தடவைக்கான சீஸ்தான். "வெந்துடுச்சுன்னு எனக்கு யார் சொல்லுவா?" என்று விசும்பினாள்.

அப்போ ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த நாளில் அவள் புத்தகப் பையோடு ஆன்ட்டி வீட்டுப் படியில் உட்கார்ந்திருப்பாள். வாசனை படிக்கு வந்ததும் கதவைத் தட்டுவாள். ஆன்ட்டி ஓவனைத் திறப்பார். ஒருநாளும் தப்பியதில்லை.

மூன்றாம் தடவை, சிறு தீயில் குக்கரை வைத்துவிட்டு, வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். கண்களை மூடினாள்.

ம்... தூங்கிவிட்டாயா? இதோ, கொஞ்சம்தான்.

கமகம! வந்ததே வாசனை! ஓடிப்போய்த் திறந்தாள். பொன்னிறம்!

சூடு ஆறுமுன் எடுத்துக்கொண்டு போனாள். ஆன்ட்டி கரண்டியால் ஓரத்தைச் சுரண்டி, பழையபடி அவளிடமே நீட்டினார். "உனக்கு, சைல்ட்."

"இன்னிக்கு உங்களுக்கு. வாயைத் திறங்க!"

கறுக், மொறுக். ஆன்ட்டியின் கண்கள் விரிந்தன. "அடிப்பாவி! இவ்வளவு ருசியையா இத்தனை வருஷமும் நீ ஒருத்தியே தின்னே?"

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. பாத்திரம் காலி. மாத்திரையும் உள்ளே போயிற்று.

மக்ரோனி தீர்ந்தது, கதையும் தீர்ந்தது. இமையை மூடு, கண்ணு.