பூஜ்யம் வாங்கிய வடிவு

குடல் அழற்சி நோயாளிகளிடம் கொடுக்கிற கேள்வித்தாளைத் திருத்தித் திருத்தி டாக்டர் இம்மானுவேலுக்கு அலுத்துவிட்டது. எத்தனை தடவை போகிறீர்கள், ரத்தம் உண்டா, அடக்க முடிகிறதா, வயிறு வலிக்கிறதா? எப்படிக் கேட்டாலும் பதிலும் நோயும் ஒத்துப்போவதாக இல்லை. இன்னும் என்னதான் கேட்பது என்று தன் பேராசிரியை ரஹமத்துன்னிசாவிடம் போய் நின்றார்.

அவரும் காலையிலிருந்து நோயாளிகளைப் பார்த்து ஓய்ந்துபோயிருந்தார். அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

வடிவு வந்தாள். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி சேலை எடுத்துப் போடுகிற வேலை. அவள் தாளில் எல்லாமே பூஜ்யம். தொந்தரவே இல்லை என்று அர்த்தம். இம்மானுவேலுக்கு ஏக சந்தோஷம், மாத்திரையைப் பாதியாகக் குறைத்துச் சீட்டே எழுதிவிட்டார். நோய் அடங்காமல் குறைத்தால் குடல் மறுபடி புண்ணாகும், ஆபரேஷன் வரை போகும். தெரியாதவரா என்ன? தாள் அப்படிச் சொன்னது, பாவம்.

பேராசிரியை தாளைப் பார்க்கவில்லை. வடிவின் வளையல் முழங்கை வரை ஏறி இறங்குவதைப் பார்த்தார்.

"கடைசியா எப்பம்மா சாப்பிட்டீங்க?"

"நேத்து மத்தியானம் கொஞ்சம் கஞ்சி, மேடம்."

ஏன் என்றதற்குத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். இங்கே வர மூன்று மணி நேர பஸ், நடுவில் யார் நிறுத்துவார்கள்? கடையிலும் அப்படித்தான், பூட்டுகிற வரை வாயில் எதுவும் போடுவதில்லை. வயிறு காலியாக இருந்தால் தொந்தரவும் இல்லை. பொய் எழுதவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இம்மானுவேலின் முகம் செத்துப்போயிற்று.

பேராசிரியை சீட்டை வாங்கிக் கிழித்தார். வார்டில் ஒரு படுக்கைக்குச் சொன்னார். கேண்டீனுக்கு ஆளனுப்பி இட்லி வாங்கிவரச் சொன்னார். இட்லி என்றதும் வடிவு பயந்துபோய் நிமிர்ந்தாள்.

"இன்னைக்கு பஸ் ஏற வேண்டாம்மா. பாத்ரூம் பக்கத்துலயே பெட் போடச் சொல்லியிருக்கேன். வயிறு நிறைய சாப்பிடுங்க."

வடிவு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இம்மானுவேல் விடவில்லை. "அப்போ புதுசா எந்தக் கேள்வியைச் சேர்க்கட்டும், மேடம்?"

பேராசிரியை கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்தார்.

"முதல்ல அவங்க சாப்பிட்டு முடிக்கட்டும்ப்பா. அப்புறம் தாள்ல இருக்கிற இதே கேள்வியைக் கேளு."